ராய் பகதூர் பேசாத பேச்சு

கல்கத்தா சட்டசபையில் 1913-ஆம் வருஷம் நிகழ்ந்த நல்ல பேச்சுகளில் முக்கால்வாசி சீதாராமனுடையவை. அவர் மெம்பர் இல்லை. சொல்லப்போனால் அந்த மண்டபத்தில் வாயைத் திறக்கவே அவருக்கு அனுமதி கிடையாது. இருமல் வந்தால்கூட வராந்தாவுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். மெம்பர்களின் நாற்காலிகளுக்கு நட்டநடுவே ஒரு சின்ன மேஜை. அதன்மேல் சீவிய பென்சில்கள் நாலு, ஒரு நோட்டுப் புத்தகம். அதற்குப் பின்னால் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஒல்லியாக ஒரு மனிதர் குனிந்திருப்பாரே, அவர்தான் சீதாராமன். சுருக்கெழுத்து ரிப்போர்ட்டர்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர். மெட்ரிகுலேஷன் தேறி, சென்னையில் சுருக்கெழுத்துப் பழகி, 1906-ல் ஹௌராவில் வந்து இறங்கினார். கல்கத்தா துரைமார்களுக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. மதராஸிப் பிள்ளை ஒருவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பான், எழுந்திருக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வராது என்று. சீதாராமன் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் அவர் ஒரு பெரிய தப்பு செய்தார். மெம்பர்கள் பேசியதை அப்படியே எழுதினார். ஒரு ஜமீன்தார் எழுந்து, "அதாவது... நான் சொல்ல வந்தது... எங்கே விட்டேன்? ஆங்... அந்த விஷயத்தைப் பொறுத்தமட்டில் விஷயம் என்னவென்றால் அது ஒரு விஷயம்" என்று பேசினார். சீதாராமன் ஓர் 'ஆங்' கூட விடாமல் எழுதி அச்சுக்கு அனுப்பினார். மறுவாரம் ஜமீன்தார் குதியோ குதி என்று குதித்தார். மேலதிகாரி துரை சீதாராமனைக் கூப்பிட்டு உட்காரவும் சொல்லாமல் பாடம் எடுத்தார். "மெம்பர் என்ன சொன்னார் என்று எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்ன சொல்ல நினைத்தார் என்று எழுதுகிறவன்தான் ரிப்போர்ட்டர்" என்றார்.

அடேயப்பா, அன்றைக்குத் திறந்துகொண்டது சீதாராமனின் பேனா! அதன் பிறகு அந்தச் சபையில் உளறியவர் எவரும் இல்லை, அச்சில். நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியாதவர்களெல்லாம் புத்தகத்தில் சிம்மமாகக் கர்ஜித்தார்கள். முற்பகல் முழுக்கத் தூங்கிவிட்டு "நான் ஆமோதிக்கிறேன்" என்று எழுந்து உட்கார்ந்த ஒருவர், தன் பேச்சு அரைப் பக்கத்துக்கு அச்சாகி வந்ததைப் பார்த்து, அடுத்த தீபாவளிக்குச் சீதாராமனுக்கு ஒரு கூடை சந்தேஷ் மிட்டாய் அனுப்பினார்.

இதெல்லாம் மோசடியாயிற்றே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அதற்கும் ஒரு முறை இருந்தது. பேச்சு அச்சுக் கோத்ததும் புரூஃப் அந்தந்த மெம்பர் வீட்டுக்குப் போகும். அவர் படித்து, திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று நாளில் திருப்ப வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் அவர் பேசியது. பிரம்மாவே வந்து இல்லை என்றாலும் செல்லாது.

புரூஃப் பார்ப்பதில் ராய் பகதூர் நிபாரண் சந்திர மல்லிக்கை மிஞ்ச ஆள் கிடையாது. காளிகாட்டுப் பக்கத்து வார்டுகளுக்கெல்லாம் அவர்தான் பிரதிநிதி. பெரிய சரீரம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய பைக்கடியாரச் சங்கிலி. தான் பேசியது என்ன என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. அடைப்புக்குறிகளை மட்டும் பார்ப்பார். '(கரகோஷம்)', '(சிரிப்பு)', '(பலத்த கரகோஷம்)' என்று ரிப்போர்ட்டர் நடுநடுவே போடுவாரே, அவற்றை விரல் வைத்து எண்ணுவார். குறைந்தால் சிவப்பு மையால் தானே எழுதிச் சேர்ப்பார். ஒருமுறை அனுதாபத் தீர்மானத்தில் '(சிரிப்பு)' என்று சேர்த்துவிட்டார். செத்துப்போனவரின் மகன் சண்டைக்கு வந்து, சீதாராமன்தான் நடுவில் விழுந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட சபைக்குத்தான் அந்த வருஷம் தெருக்குழாய் ஒழுங்கு மசோதா வந்தது.

மசோதாவில் இருபத்திரண்டு பிரிவுகள். சீதாராமனுக்குக் கண்ணில் பட்டது ஏழாவது பிரிவு ஒன்றுதான். பன்னிரண்டு அடிக்குக் குறைவான சந்துகளில் உள்ள குடிதண்ணீர்க் குழாய்களை மூடிவிடலாம். அங்கே ஜனங்கள் கூட்டம் போடுகிறார்கள், தண்ணீரைச் சிந்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள். வேண்டியவர்கள் வீட்டுக்குள்ளேயே இணைப்பு வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்காரன் இணைப்புக் கொடுக்காவிட்டால்? அதைப் பற்றி மசோதாவில் ஒரு வரி கிடையாது. சீதாராமன் குடியிருந்த காளிகாட்டுச் சந்து ஒன்பது அடி. அதில் அறுபத்துமூன்று குடித்தனம், ஒரே குழாய்.

அந்தக் குழாய் சீதாராமன் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. கல்கத்தா வந்த புதிதில் அவர்கள் வேறொரு சந்தில் இருந்தார்கள். அங்கே குழாய் கிடையாது. குளத்துத் தண்ணீர்தான். மனைவி பாகீரதி அதைக் காய்ச்சித்தான் கொடுத்தாள். இருந்தாலும் குழந்தை தத்தித்தத்திப் போய் எந்தச் செம்பை எடுத்துக் குடித்தானோ, யார் கண்டது? 1909 ஆடி மாதத்தில் காலரா. பையனுக்கு இரண்டு வயது ஏழு மாதம். காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் முடிந்துவிட்டது.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குச் சபைக்கு ஒரு சீட்டு வந்தது. 'உடனே வரவும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். சபையில் அப்போது மைதானத்துச் சவாரிக் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது பற்றி ஒரு மெம்பர் பேசிக்கொண்டிருந்தார். மாற்று ரிப்போர்ட்டர் லீவு. சீதாராமன் சீட்டைப் படித்தார், நோட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்தார், மேலே எழுதினார். குதிரைகளின் தாகம் மூன்று மணி நேரம் நீண்டது. எழுந்து போயிருக்கலாம். யாரும் தலையைச் சீவியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது பாகீரதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஏன் வரலை?" என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வாக்கியம் அமைத்துக் கொடுக்கிற மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாயில் வரவில்லை.

பதினாறாம் நாள் வேறு வீடு பார்க்கக் கிளம்பினார்கள். இந்தச் சந்துக்கு வந்ததும் பாகீரதி வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. சமையலறை எங்கே, கிணறு உண்டா என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. நேரே குழாயடிக்குப் போனாள், திறந்தாள், ஒரு கை பிடித்துக் குடித்தாள். "இங்கேயே இருந்துடலாம்" என்றாள். அவ்வளவுதான், குடிவந்துவிட்டார்கள். இப்போது இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது. விஜயலக்ஷ்மி என்று பெயர். அந்தக் குழாய்த் தண்ணீர்தான் அவளுக்கு எல்லாம்.

மசோதா விஷயம் பத்திரிகையில் வந்ததும் சந்தே கொதித்தது. எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி, பாகீரதி 'பௌதி', அதாவது மன்னி, என்று கூப்பிடுகிறவள், குழாயடியில் நின்று சட்டசபையின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பாகீரதி குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சீதாராமன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, குழாயை மூடப்போறாளாமே? பௌதி சொல்றா, நிஜமா?"

"பேச்சு நடக்கறது."

"நீங்க அங்கேதானே உட்கார்ந்திருக்கேள்? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நான் பேசப்படாது, பாகீரதி. எழுதத்தான் செய்யலாம்."

"அப்போ எழுதுங்கோ."

"அவா சொல்றதைத்தான் எழுதணும்."

"ரொம்ப அழகு! அவாளுக்கு ஆத்துலேயே மூணு குழா. அவா என்னத்தைச் சொல்லிக் கிழிக்கப்போறா?" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு திரும்பி வந்து, "இந்தக் குழா போச்சுன்னா நான் இவளைத் தூக்கிண்டு ஊருக்குப் போயிடுவேன். இங்க இன்னொண்ணைப் பறிகொடுக்க என்னால ஆகாது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சீதாராமன் பயந்திருக்க மாட்டார்.

மசோதாவை அலசி ஆராயச் செலக்ட் கமிட்டி உட்கார்ந்தது. ராய் பகதூரையும் சேர்த்துப் பதினொரு மெம்பர்கள். இந்தப் பதினொரு பேரில் ஒருவராவது ஜன்மத்தில் ஒரு செம்புத் தண்ணீர் தூக்கியிருப்பார்களா என்றால், இல்லை என்று சத்தியம் செய்யலாம். ஐஸ் போட்ட எலுமிச்சை ரசம் கூஜா கூஜாவாக வந்தது. தண்ணீரை விரயம் செய்வது என்றால் என்ன என்று மூன்று நாள் விவாதம் செய்தார்கள். எஞ்சினியர் துரை சுவரில் ஒரு படத்தை மாட்டி, சந்துக் குழாய்களில் வருஷத்துக்குச் சிந்துகிற தண்ணீரில் ஒரு கப்பலை மிதக்க விடலாம் என்றார். எந்தக் கப்பல் என்று ஒரு மெம்பர் கேட்டார். அதில் ஒரு நாள் போயிற்று. பிறகு பொதுஜன அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று தீர்மானித்து, பொதுஜனமாக இரண்டு பேரை வரவழைத்தார்கள். ஒருவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவர், மற்றவர் சோடா கம்பெனி முதலாளி. இருவரும் தெருக்குழாய் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சீதாராமன் ஒரு புரூஃபைக் கொடுக்கிற சாக்கில் ராய் பகதூர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். தோட்டத்தில் பளிங்குத் தாமரையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. "ஏழாவது பிரிவில் உங்கள் வார்டு ஜனங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம் வரும் போலிருக்கிறது, ஸார்" என்று மென்று விழுங்கினார்.

"கஷ்டமா? நம் வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லையே, சீதாராம் பாபு" என்றார் ராய் பகதூர். "சரி, போன பேச்சில் ஆறு கரகோஷம்தான் இருக்கிறது. எனக்கு எட்டு ஞாபகம்."

மறுவாரம் ராய் பகதூரின் முறை வந்தது. நாற்பது நிமிஷம் பேசினார். ரோமாபுரியில் தண்ணீர் எப்படி வந்தது என்று ஆரம்பித்தார். அங்கிருந்து பகீரதன் தவம் செய்து கங்கையைக் கொண்டுவந்த கதைக்குத் தாவினார். அந்தக் கங்கையைத் தினம் பத்துக் குடம் இடுப்பில் சுமக்கிற ஒரு பாகீரதி தன் வார்டிலேயே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் "ஆகவே தண்ணீர் என்பது தண்ணீர்" என்று முடித்து உட்கார்ந்தார். குழாய் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சொல் இல்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் டிபனுக்கு எழுந்துவிட்டார்கள். கமிட்டிக்கு ஒரே ரிப்போர்ட்டர்தான். அது சீதாராமன்.

பிற்பகலில் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அந்தப் பேச்சை விரித்து எழுதினார். ரோமாபுரியைப் பாதியாகச் சுருக்கினார். பகீரதனை நன்றாகவே வைத்தார். 'ஆகவே' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மெம்பர் என்ன சொல்ல நினைத்தார்? இந்த மனிதர் ஒன்றுமே நினைக்கவில்லை, அதுதான் நிஜம். ஒன்றும் நினைக்காதவருக்காக யார் வேண்டுமானாலும் நினைக்கலாமே என்று சீதாராமனுக்குத் தோன்றிற்று. எழுதினார்.

'ஆகவே சொல்கிறேன். நான் இந்தச் சபையில் இருக்கும்வரை, ஐம்பது குடும்பங்கள் குடிக்கும் குழாய் ஒன்றைக்கூட மூட விடமாட்டேன். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக் குழாய்களை மூடுங்கள்.' அதற்கு முன்னால் ஒரு '(கரகோஷம்)', பின்னால் ஒரு '(நீடித்த, பலத்த கரகோஷம்)'. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ராய் பகதூர் படிக்க மாட்டார் என்று ஏழு வருஷ அனுபவம் சொல்லிற்று.

பக்கத்து மேஜை நடராஜன், திருநெல்வேலிக்காரர், கூட வேலை பார்க்கிற ரிப்போர்ட்டர், எட்டிப் பார்த்துவிட்டார். "ஓய், இது அவர் சொன்னாரா?"

"சொல்ல நினைச்சார்."

"உமக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? தெரிஞ்சா வேலை போறது மட்டுமில்லை ஓய், உள்ளே தள்ளிடுவான்!"

"தள்ளட்டும்" என்றார் சீதாராமன். சொல்லிவிட்டாரே தவிர, மூன்று நாள் சாதம் இறங்கவில்லை. நாலாம் நாள் புரூஃப் திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. 'நீடித்த, பலத்த கரகோஷம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'மெம்பர்கள் எழுந்து நின்று கரகோஷம்' என்று ராய் பகதூர் திருத்தியிருந்தார்.

வந்தது வினை. கமிட்டி நடவடிக்கைகள் அச்சாகி எல்லோர் மேஜைக்கும் போயிற்று. வங்காளிப் பத்திரிகை ஒன்று ராய் பகதூரின் வாக்கியத்தை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டது. எதிர்வீட்டு பௌதி, முன்பு ஏழு தலைமுறையைத் திட்டினவள், அந்தப் பத்திரிகையைச் சுவரில் ஒட்டிக் குங்குமம் வைத்தாள். ராய் பகதூருக்கு அந்தப் பத்திரிகை படிக்கிற வழக்கமில்லை. தெருவில் போகிறபோது ஜனங்கள் வண்டிக்கு முன்னால் கும்பிடுவதைப் பார்த்து, ஏதோ பண்டிகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முழுச் சபை கூடிய அன்று பார்வையாளர் மாடத்தில் இடமில்லை. காளிகாட்டுச் சந்துகள் பாதி அங்கே வந்து உட்கார்ந்திருந்தன. கவர்னர் நடு நாற்காலியில். மசோதாவைக் கொண்டுவந்த செக்ரட்டரி துரை எழுந்தார். சிரித்த முகம், அதனாலேயே ஆபத்தான மனிதர். கையில் அச்சடித்த புத்தகம். அந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "கனம் மெம்பர் தம் வீட்டுக் குழாய்களை மூட எப்போது சௌகரியப்படும் என்று அறிய ஆசைப்படுகிறேன். தோட்டத்தில் ஒரு பளிங்குத் தாமரையும் இருப்பதாகக் கேள்வி" என்றார். மெம்பர்கள் சிரித்தார்கள்.

ராய் பகதூர் எழுந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். தன் கையெழுத்துப் போட்ட பேச்சுதான். தலையைத் திருப்பி ரிப்போர்ட்டர் மேஜையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சீதாராமன் தலை நிமிரவில்லை. பென்சிலை நோட்டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராய் பகதூரின் வாயிலிருந்து வரப்போகிற அடுத்த வார்த்தையில் தன் வேலையும் இருக்கிறது, சந்துக் குழாயும் இருக்கிறது, பாகீரதி ஊருக்குப் போகிற ரயிலும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதையும் அவரேதான் எழுத வேண்டும்!

"நான்... அதாவது... நான் இதை..." என்று ஆரம்பித்தார் ராய் பகதூர்.

அவ்வளவுதான். மாடத்தில் யாரோ ஒருவன், அவர் பேசத் தொடங்கிவிட்டார் என்ற ஆனந்தத்தில் கை தட்டினான். அடுத்தவன் தட்டினான். மாடம் முழுக்க இடித்து முழங்கியது. அங்கே கை தட்டக் கூடாது என்பது சட்டம். சேவகர்கள் ஓடினார்கள், கவர்னர் மணியை அடித்தார், யார் கேட்டார்கள்? ராய் பகதூர் வாய் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் மனுஷன்! அச்சில் ஆயிரம் கரகோஷம் வாங்கியவர். காதால் கேட்டது அதுவே முதல் தடவை. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

"நான் இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்!" என்று கத்தினார். "தாமரையையும் மூடுங்கள்!"

அதற்கப்புறம் மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? மாடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து ஏழைகளின் தாகத்துக்காக உருகினார்கள். சோடா கம்பெனி முதலாளியின் மைத்துனர் கூட உருகினார். ஐம்பது குடித்தனத்துக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் குழாயை மூடக் கூடாது என்று ஒரு திருத்தம், இரண்டு வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சீதாராமனின் நோட்டில் ஒரு வரி கூட ஒழுங்காக இல்லை. நடராஜன்தான் தன் குறிப்பைப் பார்த்து நிரப்பிக் கொடுத்தார். "பிழைச்சீர் ஓய்" என்று மட்டும் சொன்னார்.

ராய் பகதூர் மறுநாள் ரிப்போர்ட்டர் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சீதாராமன் எழுந்து நின்றார். "சீதாராம் பாபு" என்று ராய் பகதூர் மீசையைத் தடவினார். "கமிட்டியில் நான் அதைச் சொன்ன அன்று எனக்கு லேசாக ஜுரம். அதுதான் சட்டென்று ஞாபகம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது. அன்று காலை குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வாக்கியம் எனக்குத் தோன்றியது." ஒரு நிமிஷம் சீதாராமனையே பார்த்தார். "தோன்றியது, இல்லையா?"

"ஆமாம், ஸார்" என்றார் சீதாராமன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காளிகாட்டுச் சந்துக்கு ராய் பகதூர் விஜயம் செய்தார். குழாய்க்கு மேலே சுவரில் அவர் பேரைப் பொறித்த ஒரு கல் பதித்திருந்தார்கள். வாழைமரம், சங்கு, மாலை, பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். அந்தக் குழாயை ராய் பகதூர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார். இவ்வளவு சிறியதா என்று கேட்டார். கல்லில் தன் பட்டத்தைப் பொறித்த எழுத்து பொடியாக இருக்கிறது என்று குறைப்பட்டார். பேச்சைக் குறித்துக்கொள்ளச் சீதாராமனையும் வரச் சொல்லியிருந்தார். அவர் அதே சந்தில்தான் குடியிருக்கிறார் என்பது ராய் பகதூருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

பெண்களெல்லாம் பாகீரதியை முன்னால் தள்ளினார்கள். குழாயடிச் சண்டையில் வாய் திறந்து வாய் திறந்து அவளுக்கு வங்காளி நன்றாகவே வரும். இடுப்பில் குழந்தை, காலடியில் இரண்டு குடம். கை கூப்பிக்கொண்டு ராய் பகதூரிடம் சொன்னாள், நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிள்ளை ஒருவன் காலராவில் போனான், அங்கே இப்படி ஒரு குழாய் இருந்திருந்தால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருப்பான், இவளையாவது நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தீர்கள் என்று. சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. நாலு வருஷத்தில் சீதாராமன் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

ராய் பகதூர் தலையை ஆட்டினார். பத்திரிகைக்காரர்கள் பக்கத்தில் இருந்ததால் இங்கிலீஷில் பதில் சொன்னார். "மிகவும் வருந்தத்தக்கது. நல்ல உதாரணம். அடுத்த கூட்டத்தில் சுகாதார மசோதாவில் இதை எடுத்துச் சொல்லப்போகிறேன். சீதாராம் பாபு, செத்த குழந்தையின் வயது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும்."

சீதாராமன் யாரையும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து, இரண்டு வயது ஏழு மாதம் என்று எழுதினார். கை அது பாட்டுக்கு எழுதிற்று. ராய் பகதூர் அதற்குள் மாலையோடு வண்டியைப் பார்த்து நகர்ந்துவிட்டார்.

பாகீரதிக்கு இங்கிலீஷ் தெரியாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

சீதாராமன் நோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நாலு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்ங்கறார். தாமசமாயிடுத்துங்கறார்." நிறுத்தினார். "சீட்டு வந்துது, நான் எழுந்து வந்திருக்கணும். குதிரைத் தொட்டியை எழுதிண்டு உட்கார்ந்துட்டேன். அன்னிக்கு நீ தனியா மடியில போட்டுண்டு... என்னை மன்னிச்சுக்கோ அப்படிங்கறார்."

பாகீரதி வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ராய் பகதூரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சங்கு ஊதினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், அது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுத்தாள். குனிந்து இரண்டு குடத்தையும் குழாயடியில் வைத்தாள்.

"ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் பேச்சு எழுதிக் குடுத்தேள்" என்றாள். "எனக்கு ஒண்ணு சொல்ல, அந்த மனுஷன் மாலை போட்டுண்டு இங்க வந்து நிக்கவேண்டியிருந்தது."